சிவப்புச் சட்டையைக் கழற்றாதவர்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஒருவரைக் காட்டச் சொன்னால் கொஞ்சம் தேடத்தான் வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் முதல் தலைவர் ஆர்.கே. பாலிகாவின் கனவை நம்பி, கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்ற இரண்டு கிராமங்களில் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிலுக்கென்று ஒரு பேட்டையை அமைத்தது. முப்பது ஆண்டுகளுக்குள் பேட்டை ஊராகிவிட்டது. ஓசூர், சேலம், தருமபுரி என்று தமிழ்நாட்டிலிருந்தும், ஆந்திரம், கேரளம், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பிஜி விடுதிகளில் பெட்டியை இறக்கிவைத்தார்கள். குலதெய்வமும் ரேஷன் கார்டும் சொந்த ஊரில் இருக்க, சம்பளம் மட்டும் இங்கே வந்தது. வெள்ளிக்கிழமை இரவானால் ஓசூர் சாலையில் தெற்கே போகும் பேருந்துகளுக்காகக் கூட்டம் நிற்கும்.

இப்படி வந்தவர்களால் ஆன ஊர் ஒரு கிரிக்கெட் அணியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதுவும் தோற்றுக்கொண்டே இருந்த அணியை. 2008 முதல் 2024 வரை பதினேழு ஐபிஎல் சீசன்கள் ஆடி, மூன்று முறை இறுதியாட்டம் வரை போய், ஒரு கோப்பைகூட வாங்காமல் திரும்பிய ராயல் சேலஞ்சர்ஸ் அணியை. ஜெயிக்கிற அணிக்கு ஆள் சேர்வதில் வியப்பில்லை. தோற்கிற அணிக்கு ஆண்டுக்கு ஆண்டு ஆள் கூடியது எப்படி என்பதுதான் பெங்களூரின் அண்மைக்கால வரலாற்றில் விசாரிக்கத்தக்க கேள்வி.

தொடக்கமே சரியில்லை. 2008 ஏப்ரல் 18. ஐபிஎல் போட்டியின் முதல் ஆட்டம், சின்னசாமி மைதானத்தில். விஜய் மல்லையா 11.16 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அணி அது. அன்றைய எட்டு அணிகளில் மும்பைக்கு அடுத்தபடியாக விலை கூடியது. கொல்கத்தாவின் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 158 ரன் எடுத்தார். கொல்கத்தா 222. பெங்களூர் 82-க்குச் சுருண்டது. இரட்டை இலக்கத்தைத் தொட்ட ஒரே பெங்களூர் ஆட்டக்காரர் பந்துவீச்சாளர் பிரவீண் குமார். ராகுல் திராவிட், ஜாக் காலிஸ், வாசிம் ஜாஃபர் என்று ஐந்து நாள் ஆட்டத்தில் பேர் வாங்கியவர்களை வைத்துக்கொண்டு இருபது ஓவர் ஆட வந்திருக்கிறார்கள் என்று ஊரே கேலி பேசியது. பதினான்கு ஆட்டங்களில் நான்கில் வென்று, எட்டு அணிகளில் ஏழாவதாக முடிந்தது அந்த சீசன்.

பெங்களூர்க்காரர்களுக்கு இந்த மாதிரித் தொடக்கம் புதிதல்ல. 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னையை எதிர்த்து ஆடியது மைசூர். மைசூர் 48 ரன்னில் அடங்கியது. சென்னை 130 எடுத்தது. மறுபடி ஆடிய மைசூர் 59-க்கு முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட் வீழ்த்த, ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துபோனது. நாட்டின் இரண்டு பெரும் போட்டிகளுடைய முதல் ஆட்டத்திலுமே நொறுங்கியது பெங்களூர் ரசிகர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொண்ட அணிதான். இந்த ஒற்றுமையை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

ஏனென்றால், அந்த மைசூர் அணிக்கும் ரசிகர்கள் நாற்பது ஆண்டு காத்திருந்தார்கள். 1941-42, 1959-60 ஆகிய இரண்டு இறுதியாட்டங்களிலும் பம்பாயிடம் தோல்வி. பம்பாய் 1958-59 தொடங்கி 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று. 1973 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது. அந்தப் புதிய பெயரில் ஆடிய முதல் சீசனிலேயே, 1974-ல், பிரசன்னா தலைமையிலான அணி பெங்களூரில் நடந்த அரையிறுதியில் பம்பாயை முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் வெளியேற்றியது. ஜி.ஆர். விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106. பிறகு ஜெய்ப்பூரில் ராஜஸ்தானை 185 ரன் வித்தியாசத்தில் வென்று கோப்பை கைக்கு வந்தது. பெங்களூரின் பழைய பேட்டைகளில், மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் அல்சூரிலும், இந்தக் கதை வீட்டுக்கு வீடு கைமாறி வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அது வந்து சேர வழியில்லை. இங்கே தாத்தாக்கள் இல்லை.

தாத்தா இல்லாத ஊரில் ஒரு விசுவாசம் எப்படி வேர்பிடிக்கும்? பரம்பரையாக வராததை ஒருவர் தாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. ஏப்ரல், மே மாத இரவுகளில் பிஜி விடுதிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே தொலைக்காட்சி இருந்தது. மொழி தெரியாத அறைத்தோழனோடு பேச எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒன்று வேண்டியிருந்தது. அணியின் பெரிய நட்சத்திரங்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் அல்ல. கோலி டெல்லிக்காரர், கெயில் ஜமைக்காக்காரர், டிவில்லியர்ஸ் தென்னாப்பிரிக்கர். பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்களை ஊர்க்காரர்களாக ஏற்றுக்கொண்ட அணி அது. வேலைக்கு வந்த இன்னொருவனுக்கு அதில் இடம் கிடைக்காமல் போகுமா? விராட் கோலி 2008-ல் பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து வேறு அணிக்கு மாறவே இல்லை. ஐந்தாறு ஆண்டுக்குள் மூன்று நிறுவனம் மாறுவது வழக்கமான ஒரு தொழிலில் இருப்பவர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

தோல்விகளும் சாதாரணத் தோல்விகள் அல்ல. 2009-ல் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் அனில் கும்ப்ளே 16 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். டெக்கான் சார்ஜர்ஸ் 143, பெங்களூர் 137. ஆறு ரன்னில் போயிற்று. ஆட்டநாயகன் விருது தோற்ற அணியின் கேப்டனான கும்ப்ளேவுக்கே கிடைத்தது. 2011-ல் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில். முரளி விஜய் 95, சென்னை 205. அடுத்து வந்த கெயிலை முதல் ஓவரிலேயே அஸ்வின் ரன் ஏதும் இல்லாமல் அனுப்பினார். 58 ரன்னில் தோல்வி. 2012-ல் அதே சேப்பாக்கத்தில் கோலி வீசிய பத்தொன்பதாவது ஓவரில் ஆல்பி மார்கல் 28 ரன் அடிக்க, 206 என்ற இலக்கைச் சென்னை கடைசிப் பந்தில் தொட்டது. 2013-ல் மறுபடி சேப்பாக்கம், மறுபடி கடைசிப் பந்து. ஆர்.பி. சிங் வீச, ஜடேஜா அடித்த பந்து கேட்ச் ஆனது. பெங்களூர் வீரர்கள் துள்ளிக் குதித்தார்கள். நடுவரின் கை நீண்டிருந்தது: நோ பால்.

கடைசிவரை போய்த் தோற்பது தொடக்கத்திலேயே தோற்பதைவிடக் கொடியது. ஆனால் ஆளைக் கட்டிப்போடுவதும் அதுதான்.

2016-ஐப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கோலி நான்கு சதங்களோடு 973 ரன் குவித்தார். ஒரே ஐபிஎல் சீசனில் அதுவரை யாரும் அந்த உயரத்தை நெருங்கியதில்லை. முதல் ஏழு ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்றிருந்த அணி, பின்பாதியில் வெற்றிமேல் வெற்றியாக எழுந்து பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. மே 29, இறுதியாட்டம் சொந்த மைதானமான சின்னசாமியில். ஐதராபாத் 208. பென் கட்டிங் கடைசி ஓவர்களில் 15 பந்தில் 39 எடுத்தது பின்னால் உறுத்தப்போகிறது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. கெயிலும் கோலியும் பத்தரை ஓவரில் 114 ரன் சேர்த்தார்கள். கோப்பை கண்ணுக்குத் தெரிந்தது. கெயில் 76-ல் போனார், கோலி 54-ல் போனார், டிவில்லியர்ஸ் 5-ல் போனார். 200-ல் நின்றது ஆட்டம். எட்டு ரன் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தைப் பெங்களூர்க்காரர் யாரிடம் கேட்டாலும் ஓவர் வாரியாகச் சொல்வார்.

மறுவருடம் கடைசி இடம். 2017 ஏப்ரல் 23, கொல்கத்தா ஈடன் கார்டனில் 49 ரன்னுக்கு மொத்த அணியும் வெளியே. ஐபிஎல் கண்ட ஆகக் குறைந்த எண்ணிக்கை. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தை எட்டவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே ஏப்ரல் 23-ல்தான் கெயில் 66 பந்தில் 175 ரன் விளாசி அணி 263 எடுத்திருந்தது. 2019-ல் சேப்பாக்கத்தில் 70 ரன்னுக்குச் சுருண்டு தொடங்கி, முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. மறுபடி கடைசி இடம்.

இதே ஆண்டுகளில்தான் ‘ஈ சல கப் நம்தே’ என்ற கன்னட முழக்கம் கர்நாடகம் முழுக்கப் பரவியது. இந்த முறை கோப்பை நமதே என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்கள். ஒவ்வோர் ஆண்டும் மற்ற அணி ரசிகர்கள் சிரித்தார்கள். மே மாதம் பிறந்தால் ஆர்சிபி ரசிகன் கையில் கால்குலேட்டர் இருக்கும் என்பது நாடறிந்த கேலி. யார் யாரிடம் எத்தனை ரன்னில் தோற்றால் நாம் உள்ளே போகலாம் என்ற நெட் ரன் ரேட் கணக்கு அது. எண்களோடு புழங்கும் பொறியாளர்கள் நிறைந்த எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தக் கணக்கு கைவந்த கலை.

1976-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில் சனிக்கிழமை கால்பந்தாட்டம் முடிந்தபின் திங்கட்கிழமை வகுப்புகளில் எத்தனை மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகச் சட்டையை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி வென்ற வாரத்தில் சட்டைகள் கூடின. தோற்ற வாரத்தில் குறைந்தன. மனித இயல்பு அதுதான். பெங்களூரில் அந்த இயல்புக்கு மாறாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. தோற்ற மறுநாளும் சிவப்புச் சட்டை வெளியே வந்தது. சட்டையைக் கழற்றி வைத்தால் கேலிக்குப் பயந்தவன் என்றாகிவிடும். தோல்வியில் போட்டுக்கொண்ட சட்டைக்குத்தான் மதிப்பு என்று ரசிகர்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் உருவாகியிருந்தது.

தமிழர்களின் நிலை இதில் தனி. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளி எல்லை பக்கம்தான். அதைத் தாண்டினால் ஓசூர். வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்களில் பெரும்பாலோர் மஞ்சள் சட்டையோடு வந்தவர்கள். சென்னை 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளை எடுத்த அணி. அதற்கு ரசிகராக இருக்கத் தனித் தைரியம் தேவைப்படவில்லை. ஆனால் பெங்களூரிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், சிவப்புக்குப் போனார்கள். ஒரே வீட்டில் அப்பா தோனி பக்கம், மகள் கோலி பக்கம். “உங்க டீம்ல கப் வைக்க அலமாரி இருக்கா?” என்று மாமா கேட்பதும், “அடுத்த வருஷம் பாருங்க மாமா” என்று மருமகன் சொல்வதும் பல வீடுகளில் நடந்த உரையாடல்.

காவிரிப் பிரச்சினை மூளும்போதெல்லாம் ஓசூர் சாலையில் வண்டிகள் நின்றுவிடும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் கொளுத்தப்பட்டதை இங்கே இருந்த தமிழர் யாரும் மறக்கவில்லை. 2018 ஏப்ரலில் அதே காவிரிக்காகச் சென்னையில் எழுந்த போராட்டத்தால், இரண்டாண்டுத் தடை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த சிஎஸ்கே, சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் புணேவுக்கு இடம் மாற வேண்டியதாயிற்று. சுமார் ஆயிரம் ரசிகர்கள் அணி ஏற்பாடு செய்த சிறப்பு ரயிலில் சென்னையிலிருந்து புணேவுக்குப் போனார்கள். நதிச்சண்டை இவ்வளவு ரணமாக இருந்த ஆண்டுகளிலும் மஞ்சளும் சிவப்பும் ஒரே விடுதியில், ஒரே தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து வாய்ச்சண்டையோடு நின்றன. இதைச் சிறிய விஷயமாக நினைக்க முடியாது.

உலகத்தில் இப்படிக் காத்திருந்தவர்கள் வேறும் உண்டு. அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1918-ல் வென்றபின் பேப் ரூத் என்ற மாபெரும் ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. அடுத்த கோப்பைக்கு 2004 வரை, 86 ஆண்டு காத்திருந்தது. சிகாகோ கப்ஸ் 1908-க்குப் பிறகு 2016-ல்தான் வென்றது: 108 ஆண்டு. ஜப்பானின் ஹான்ஷின் டைகர்ஸ் 1985-ல் வென்றபோது ஒசாகா ரசிகர்கள் ஒரு கோழிக்கறிக் கடையின் முன்னாலிருந்த கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கி ஆற்றில் எறிந்தார்கள். பிறகு அணி தோற்கத் தோற்க, அந்தக் கர்னலின் சாபம்தான் என்றார்கள். 2009-ல் சிலை ஆற்றிலிருந்து மீட்கப்பட்டது. கோப்பை வர 2023 ஆனது.

சிகாகோ வென்றபோது மக்கள் செய்த ஒரு காரியம் இங்கே சொல்லத்தக்கது. அணியின் மைதானமான ரிக்ளி ஃபீல்டின் செங்கல் சுவரில் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். இந்த வெற்றியைப் பார்க்காமல் இறந்துபோன அப்பாக்களின், தாத்தாக்களின், அத்தைகளின் பெயர்கள். சுவர் நிறைந்துபோயிற்று. சிகாகோவின் விசுவாசம் சொத்தைப்போல வழிவழியாக வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்தவருக்கோ வாய்ப்பு இருந்தது. மும்பையைப் பிடித்திருக்கலாம், சென்னையைப் பிடித்திருக்கலாம். தோற்கும் என்று தெரிந்தே ஒன்றைப் பிடித்தார்கள். பதினேழு ஆண்டு என்பது 108-க்கு முன்னால் ஒன்றுமில்லைதான். ஆனாலும் இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவருக்கு அது முப்பத்தொன்பது வயது. கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளி எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

2024-தான் இந்த விசுவாசத்தின் உச்சம் என்று சொல்லலாம். மார்ச் 17 அன்று டெல்லியில் ஆர்சிபியின் பெண்கள் அணி கோப்பையை வென்றது. முந்தைய ஆண்டு முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. ஸ்மிருதி மந்தானாவின் தலைமையில், கர்நாடகத்தின் ஷ்ரேயங்கா பாட்டீல் 4 விக்கெட் எடுக்க, டெல்லியை 113-ல் அடக்கி எட்டு விக்கெட்டில் வெற்றி. அந்த நிர்வாகத்தின் முதல் கோப்பையைப் பெண்கள் கொண்டுவந்தார்கள் என்பதைப் பல கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன, அது நியாயமில்லை. அடுத்த இரண்டாம் நாள் அணியின் பெயரில் இருந்த பேங்களூர் ‘பெங்களூரு’ ஆனது.

ஆண்கள் அணி மார்ச் 25 அன்று பஞ்சாபை வென்றது. அதற்குப் பிறகு சரியாக ஒரு மாதம் வெற்றியே இல்லை. தொடர்ந்து ஆறு தோல்வி. ஏப்ரல் 15 அன்று சின்னசாமியில் ஐதராபாத் 287 எடுத்தது. பெங்களூர் 262 எடுத்தும் தோற்றது. ஏப்ரல் 21 அன்று கொல்கத்தாவில் ஒரே ஒரு ரன்னில் தோல்வி. எட்டு ஆட்டத்தில் ஏழு போய், பட்டியலின் அடியில் கிடந்தது அணி. அந்த நிலையிலும் சொந்த மைதானத்தில் சிவப்பு குறையவில்லை. ஏப்ரல் 25-ல் ஐதராபாதை அதன் ஊரிலேயே வென்றார்கள். பிறகு குஜராத்தை இரண்டு முறை, பஞ்சாபை, டெல்லியை.

மே 18, சின்னசாமி. எதிரே சென்னை. அடுத்த சுற்றுக்குப் போக பெங்களூர் குறைந்தது 18 ரன் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். அதாவது 219 என்ற இலக்கைத் தொடாவிட்டாலும் 201 எடுத்தால் சென்னை உள்ளே. கடைசி ஓவரில் சென்னைக்கு அதற்கு 17 ரன் வேண்டும். யஷ் தயாளின் முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார். புதிய பந்து வந்தது. அடுத்த பந்தில் தோனி அவுட். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ரன். பெங்களூரின் இரவு முழுக்க வண்டி ஹாரன் ஓயவில்லை. நான்கு நாள் கழித்து எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறினார்கள். கோப்பை மறுபடி இல்லை. ஆனால் அந்த ஆண்டை ரசிகர்கள் தோல்வி ஆண்டாக நினைவு வைத்திருக்கவில்லை. அன்றைய பெங்களூர் அணியின் விக்கெட் கீப்பர் சென்னைக்காரரான தினேஷ் கார்த்திக் என்பதைத் தமிழர்கள் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள்.

2025-ல் எல்லாம் தலைகீழானது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூர் 50 ரன்னில் வென்றது. 2008-க்குப் பிறகு அங்கே அதன் முதல் வெற்றி. சென்னை தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றது. வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியின் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு, பக்கத்து மேசைக்காரர் பதினேழு ஆண்டாக எதைத் தாங்கினார் என்பது அந்த இரண்டு மாதத்தில் விளங்கியிருக்கும். சட்டையை மடித்து வைத்தவர்களும் உண்டு. மடிக்காதவர்களும் உண்டு.

ஜூன் 3, அகமதாபாத். ரஜத் பட்டிதார் தலைமையில் பெங்களூர் 190 எடுத்தது. பஞ்சாபின் ஷஷாங்க் சிங் கடைசிவரை நின்று 61 எடுத்தும் 184-தான் ஆனது. 2009-ல் எந்த ஆறு ரன்னில் முதல் கோப்பை நழுவியதோ, அதே ஆறு ரன்னில் முதல் கோப்பை வந்தது. கடைசி ஓவர் முடியும் முன்னமே கோலி அழுதுவிட்டார்.

மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிப்பது குற்றம். ஜூன் 4 பிற்பகல் வெற்றி விழாவுக்காகச் சின்னசாமி மைதானத்தை நோக்கிக் கூட்டம் திரண்டது. மைதானத்தின் கொள்ளளவு சுமார் 35,000. வந்தவர்கள் இரண்டு, மூன்று லட்சம் பேர் என்று முதல்வர் சித்தராமையாவே பின்னர் சொன்னார். வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பலர் இளைஞர்கள், மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளம்பெண்ணும் உண்டு. காவல்துறையின் உரிய அனுமதி இல்லாமலே விழா அறிவிக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டிய மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அவ்வளவு கூட்டம் கூடியதற்கு அணி நிர்வாகமே முதல் நோக்கில் பொறுப்பு என்று கூறியது. மாநகரக் காவல் ஆணையர் உட்பட அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அணி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் பத்து லட்சம் என்று அறிவித்து, பின்னர் இருபத்தைந்து லட்சம் கொடுத்தது.

தோல்வியில் கூட வந்தவர்களை இந்த அணி பதினேழு ஆண்டாக உலகின் மிக விசுவாசமான ரசிகர்கள் என்று பெருமை பேசியது. சட்டை விற்றது, சீட்டு விற்றது, விளம்பரம் விற்றது. அந்த விசுவாசம் எத்தனை பெரியது என்று அணிக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும். கோப்பை வந்தால் எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள் என்று கணக்குப் போட ஒரு நிபுணரும் தேவையில்லை. நெட் ரன் ரேட்டுக்குக் கால்குலேட்டர் எடுத்த ஊரில் வாசல்களுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா ஆணையம் விசாரித்து, சின்னசாமி மைதானத்தின் அமைப்பே பெருங்கூட்டத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று சொன்னது. வரிசையில் நிற்க இடம், போதிய வாசல்கள், பொதுப் போக்குவரத்து, வண்டி நிறுத்துமிடம் உள்ள இடத்துக்குப் பெரிய நிகழ்ச்சிகளை மாற்றப் பரிந்துரைத்தது. அந்த ஆண்டின் மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் பெங்களூரை விட்டு நவி மும்பைக்குப் போயின.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இது வெறும் செய்தி இல்லை. 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை, 19 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்டது. சில்க் போர்டு சந்திப்பில் ஆட்டத்தின் முதல் பத்து ஓவரைத் தொலைத்தவர்கள் இப்போது இரண்டு இடத்தில் ரயில் மாறினால் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கலாம். அதே ஆகஸ்டில் கர்நாடக அரசு, அந்தத் தடம் முடியும் பொம்மசந்திராவுக்கு அருகே சூர்யா சிட்டியில் 80,000 பேர் அமரும் கிரிக்கெட் மைதானத்தோடு ஒரு விளையாட்டு வளாகம் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கட்டி முடித்தால், நகரத்தின் நடுவில் இருந்த அணி இவர்கள் வாசலுக்கே வந்துவிடும். 80,000 இருக்கை என்று பெருமையாக அறிவித்த அரசு, அத்தனை பேரும் எத்தனை வாசல் வழியாக, எத்தனை நிமிடத்தில் வெளியே வரலாம் என்பதையும் அடிக்கல் நாட்டும் முன்பே பொதுமக்களுக்கு எழுத்தில் தரட்டும்.